ஹூஸ்டன் கொல்லைப்புறத்தில் டெக்: பைன் பலகையா, காம்போசிட்டா, ஈப்பேயா, இல்லை கல் தளமே போதுமா?

2024 ஜூலை 8 அன்று பெரில் புயல் டெக்சாஸின் மட்டகோர்டா அருகே கரையேறி ஹூஸ்டன் மேல் வந்து போனது. மறுநாள் கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்தேன். வேலி சாய்ந்திருந்தது, அது எதிர்பார்த்ததுதான். டெக், அதாவது வீட்டை ஒட்டிப் பலகை பாவிய திறந்த மேடை, மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. ஆனால் வீட்டுச் சுவருக்கும் டெக்குக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி விழுந்திருந்தது. போன வாரம் அது இல்லை.

சுவரோரப் பலகையைக் கழற்றினேன். பலகை நன்றாகவே இருந்தது. அதற்குக் கீழே, சுவரோடு போல்ட் போட்டு டெக்கைத் தொங்கவிட்டிருந்த லெட்ஜர் கட்டையில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன். பழுத்த பப்பாளியில் இறங்குவது போல் கைப்பிடி வரை இறங்கியது. மேல் பலகைக்கு, அழுகாமல் இருக்க மருந்து ஏற்றிய ட்ரீட்டட் மரம் வாங்கியவர்கள் லெட்ஜருக்குச் சாதாரண மரத்தைப் போட்டிருக்கிறார்கள். கழற்றிய ஸ்க்ரூக்களில் சில நடுப்பகுதியில் தையல் ஊசி அளவுக்கு மெலிந்துபோயிருந்தன. போல்ட்டுகளோ வெளிச்செங்கல்லை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றன. அந்த டெக்கில்தான் முந்தைய ஞாயிறு பன்னிரண்டு பேர் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

ஹூஸ்டனை ஒட்டிய பேர்லண்ட் மீனாட்சி கோவிலுக்குப் போனால் யாராவது ஒருவர் கேட்கிறார்: "டெக் போடலாம்னு இருக்கோம், மரம் போடறதா, காம்போசிட் போடறதா?" கையில் இரண்டு மூன்று கன்ட்ராக்டர்களின் கொட்டேஷன் இருக்கும். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் விலை இரண்டு மடங்கு வித்தியாசம் இருக்கும். அவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: காலுக்குக் கீழே தெரிகிற பலகை இரண்டாவது கேள்வி. அதைத் தாங்கும் அடிச்சட்டத்தை எப்படிக் கட்டப்போகிறார்கள் என்பதை முதலில் கேளுங்கள்.

## எதையெல்லாம் பார்த்து முடிவெடுப்பது

ஈரம். இங்கே ஆண்டுக்குச் சுமார் 50 அங்குல மழை. சென்னையிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஆனால் சென்னையில் பெரும்பகுதி சில மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடும், அப்புறம் மரம் காய நேரம் கிடைக்கும். ஹூஸ்டனில் மழை வருடம் முழுக்கப் பரவி வருகிறது, மழை இல்லாத நாளிலும் காற்று ஈரமாகவே இருக்கிறது. மரத்துக்குள் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அழுகல் பூஞ்சைக்கு இடமில்லை. 30-ஐ ஒட்டி நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். எனவே "நனையுமா" என்று கேட்டுப் பயனில்லை. நனைந்த பின் எவ்வளவு சீக்கிரம் காயும் என்பதைப் பாருங்கள்.

தரையிலிருந்து உயரம். நம் வீடுகளில் பெரும்பாலானவை நேரடியாக மண்மேல் போட்ட கான்கிரீட் ஸ்லாபில் நிற்பவை. பின்வாசல் தரையிலிருந்து ஓர் அடிகூட உயரம் இருக்காது. அந்த உயரத்துக்கு டெக் போட்டால் அடியில் காற்றோட்டம் இல்லாத ஒரு பொந்து உருவாகிறது. இது எல்லாப் பலகைக்கும் பொதுவான எதிரி.

சுவர். வெளியே தெரியும் செங்கல் இங்கே பாரம் தாங்கும் சுவர் இல்லை, மரச்சட்டச் சுவருக்குப் போர்த்திய உறை. அதில் லெட்ஜரைத் தொங்கவிடக் கூடாது என்று கட்டட விதியே சொல்கிறது. இருந்தும் போடுகிறார்கள். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான்.

காற்றும் வெள்ளமும். புயல்காற்று டெக்குக்கு அடியில் புகுந்து மேலே தூக்கும். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வந்தபோது டெக்சாஸிலேயே உள்ள நெடர்லாந்து என்ற ஊர்ப் பக்கம் 60 அங்குலத்துக்கு மேல் மழை கொட்டியது. அப்படித் தண்ணீர் ஏறினால், தரையோடு இறுகப் பிடிக்காத மர டெக் தெப்பம்போல் மிதக்கும்.

மண்ணும் கரையானும். நம் களிமண் மழையில் உப்பி, கோடையில் சுருங்கி வெடிக்கும். தூண்கள் அதோடு ஏறி இறங்கும். மண்ணுக்குள் சாதாரணக் கரையானோடு, அதைவிட மூர்க்கமான பார்மோசன் கரையானும் இருக்கிறது.

வெறுங்கால். நம் வீடுகளில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடமாட்டம், டெக் உட்பட. ஆகஸ்ட் மத்தியானத்தில் பலகை எவ்வளவு சூடேறும் என்பது கொட்டேஷனில் இருக்காது.

இவற்றுக்குப் பிறகுதான் பணம். அதையும் கட்டும் நாள் செலவாகப் பார்க்காமல், பதினைந்து இருபது வருடச் செலவாகப் பாருங்கள்.

## முதலில் அடிச்சட்டம்

கீழே சொல்லப்போகும் நான்கு வழிகளில் மூன்றுக்கு அடிச்சட்டம் ஒன்றேதான்: பிரஷர் ட்ரீட்டட் சதர்ன் பைன். மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த காம்போசிட் டெக் என்று விற்பதும், கடினமரமான ஈப்பே டெக் என்று விற்பதும் இதன் மேல்தான் நிற்கின்றன. ஐம்பது வருட வாரண்டி உள்ள பலகையைப் பத்து வருடத்தில் உளுத்துப்போகும் சட்டத்தின் மேல் போட்டால் அந்த வாரண்டி யாருக்கும் உதவாது. வாரண்டித் தாளைப் படித்துப் பாருங்கள், அது பலகைக்கு மட்டும்தான்.

மரத்தை உருளையில் அடைத்து, காற்றை உறிஞ்சி எடுத்து, மருந்துக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றுவதுதான் பிரஷர் ட்ரீட்டிங். முன்பு சி.சி.ஏ. என்ற ஆர்சனிக் கலந்த மருந்து. 2003 இறுதியோடு வீட்டு உபயோகத்துக்கு அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது தாமிரம் சார்ந்த மருந்துகள். ஆர்சனிக் போனது நல்லது. ஆனால் தாமிரம் இரும்பை அரிக்கும். என் ஸ்க்ரூக்கள் ஊசியானதற்குக் காரணம் அதுதான்: சாதாரண முலாம் பூசிய ஸ்க்ரூவை ட்ரீட்டட் மரத்தில் போட்டிருந்தார்கள். உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த ஹாட்-டிப் கால்வனைஸ்ட்தான் குறைந்தபட்சம். கால்வெஸ்டன் பக்கம் உப்புக்காற்று படும் வீடு என்றால் உப்பைத் தாங்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ்தான். கட்டைகளைப் பிடிக்கும் இரும்புத் தாங்கியான ஹேங்கரும் ஸ்க்ரூவும் ஒரே உலோகமாக இருக்கட்டும். ஒன்று கால்வனைஸ்ட், இன்னொன்று ஸ்டெயின்லெஸ் என்று கலந்தால் அதுவே ஓர் அரிப்பைக் கிளப்பும்.

கடையில் ஒவ்வொரு கட்டையின் முனையிலும் ஒரு சின்னச் சீட்டு அடித்திருப்பார்கள். "தரைக்கு மேல்" என்றும் "தரைத் தொடர்பு" என்றும் இரண்டு வகை. தரைத் தொடர்பு வகையை யூ.சி. 4ஏ என்று குறிப்பார்கள், மருந்து அதிகம். தரையிலிருந்து ஆறு அங்குலத்துக்குள் இருக்கும் மரமும், பின்னால் மாற்றுவது கடினமான மரமும் இந்த வகையாக இருக்க வேண்டும். நம் தாழ்வான டெக்குகளில் தூண், உத்திரம், பலகையை நேராகத் தாங்கும் குறுக்குக் கட்டையான ஜாயிஸ்ட் எல்லாமே அந்தக் கணக்கில் வந்துவிடும். விலை வித்தியாசம் சொற்பம். கொட்டேஷனில் இந்த ஒரு சொல் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லை என்றால் எழுதச் சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று. மருந்து பெரும்பாலும் மரத்தின் வெளிவட்டத்தில்தான் ஊறுகிறது, நடுவைரத்தில் சரியாக ஏறாது. கட்டையை அறுத்தால் அந்த நடு வெளியே வந்துவிடும். அறுத்த முனை ஒவ்வொன்றிலும் காப்பர் நாப்தனேட் என்ற தாமிர மருந்தைப் பூச வேண்டும். ஒரு டப்பாவும் ஒரு பழைய பிரஷும் போதும். ஆனால் வேலையாட்கள் அவசரத்தில் முதலில் விடுவது இதைத்தான். நான் மறுபடி கட்டியபோது ரம்பத்துக்குப் பக்கத்திலேயே நின்று பூசினேன்.

ஜாயிஸ்ட்டின் மேல்முகத்தில் பியூட்டைல் டேப் என்ற ரப்பர் பட்டையை ஒட்டுவதும் அப்படித்தான். தண்ணீர் மரத்துக்குள் இறங்குவது ஸ்க்ரூ ஓட்டை வழியாக, அந்த டேப் ஓட்டையைச் சுற்றி இறுகிக்கொள்ளும். ஒரு சுருளின் விலை ஒரு குடும்பம் வெளியே போய் ஒருவேளை சாப்பிடும் செலவுதான்.

சுவர் விஷயத்தில் என் அபிப்பிராயம் உறுதியானது. செங்கல் உறை உள்ள வீட்டில் டெக் தன் சொந்தக் காலில் நிற்கட்டும். சுவரோரமும் ஒரு வரிசைத் தூண் போட்டுவிடுங்கள். களிமண்ணில் டெக் ஏறி இறங்கும்போது வீட்டை இழுக்காது. செங்கல் அடியில் உள்ள வடிதுளைகள் மூடாமல் இருக்கும். ஸ்லாப் ஓரம் கொஞ்சம் வெளியே தெரிவதால் கரையான் புற்றுக்கோடு ஏறினால் கண்ணில் படும். தூண் 4 × 4 அங்குலம் வேண்டாம், 6 × 6. கான்கிரீட் அடித்தளத்தில் பதித்த இரும்புத் தாங்கியில் போல்ட் போட வேண்டும். ஜாயிஸ்ட் ஒவ்வொன்றுக்கும் உத்திரத்தோடு புயல் கிளிப். உயரமான டெக் என்றால் தூண்களுக்குக் குறுக்குச் சட்டமும் வேண்டும், இல்லாவிட்டால் நடக்கும்போதே ஆடும்.

## நான்கும் ஒரே பார்வையில்

| | ட்ரீட்டட் பைன் | காம்போசிட் | ஈப்பே | கல் தளம் |
|---|---|---|---|---|
| பலகை விலை | குறைவு | பைனைப்போல் இரண்டு மூன்று மடங்கு | காம்போசிட் அளவு, சில நேரம் மேலே | மண் வேலையைப் பொறுத்தது |
| தொடர் வேலை | 2, 3 வருடத்துக்கு ஒருமுறை ஸ்டெயின் | கழுவுதல் | எண்ணெய், விரும்பினால் | மணல் நிரப்புதல், மட்டம் சரிசெய்தல் |
| வெயில் சூடு | பரவாயில்லை | அதிகம், அடர்நிறத்தில் மிக அதிகம் | அதிகம் | நிறத்தைப் பொறுத்தது |
| வெள்ளம் வடிந்த பின் | கழுவிக் காயவிட்டால் தேறும் | பலகை தேறும், உள்ளீடற்ற வகையில் சேறு தங்கும் | தேறும் | இடுக்கு மணல் அரித்துப்போகும் |
| தாழ்வான வாசலுக்கு | கவனத்தோடு | கவனத்தோடு | கவனத்தோடு | மிகப் பொருத்தம் |

## ட்ரீட்டட் பைன் பலகை

கடையில் வாங்கும்போது கையில் தூக்கிப் பாருங்கள், தண்ணீரில் ஊறியது போல் கனக்கும். அது மருந்துக் கரைசலின் ஈரம். காயக் காயப் பலகை சுருங்கும், சில வளையும், மேலே நீளவாக்கில் வெடிப்பு விடும். ஐந்தரை அங்குலப் பலகை கால் அங்குலம் வரைகூடச் சுருங்கும். எனவே ஈரப் பலகையை ஒட்டி ஒட்டிப் போட வேண்டும், இடைவெளி தானாக வந்துவிடும். இடைவெளி விட்டுப் போட்டால் ஆறு மாதத்தில் பேனா விழும் அளவுக்கு அகன்றுவிடும்.

மருந்து ஏற்றிய பின் சூளையில் காயவைத்த வகையும் கிடைக்கிறது. விலை கூடுதல், சில சமயம் மரக்கிடங்கில் சொல்லிவைத்துத்தான் வாங்க வேண்டும். நான் அதைத்தான் போட்டேன். வளைவு மிகக் குறைவு, உடனே ஸ்டெயின் அடிக்கவும் முடிந்தது. ஈரப் பலகை என்றால் காத்திருக்க வேண்டும். நாலு சொட்டுத் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக நின்றால் இன்னும் காயவில்லை, மரம் உறிஞ்சிக்கொண்டால் அடிக்கலாம். பெயின்ட் வேண்டாம். நம் ஈரத்தில் உரிந்து வரும், அப்புறம் சுரண்டுவதே தனி வேலை. மரத்துக்குள் ஊறும் ஸ்டெயின்தான் சரி.

மறைந்திருக்கும் செலவு இங்கே உங்கள் நேரம். 300 சதுர அடி டெக்கைக் கழுவி, காயவிட்டு, ஸ்டெயின் அடிக்க எனக்கு இரண்டு வார இறுதிகள் ஆகின்றன. பிரஷர் வாஷரை நெருக்கிப் பிடித்தால் மரநார் கிளம்பிச் சிலும்பாகிவிடும். பிறகு குழந்தைகள் காலில் ஏறும். மென்மையான பிரஷும் டெக் கிளீனரும் போதும்.

நம் வீடுகளுக்கென்றே இரண்டு விஷயம். வடகம், வத்தல் காயப்போடுகிறவர்கள் ட்ரீட்டட் பலகைமேல் நேரடியாகப் போட வேண்டாம். மேசையில் துணி விரித்துப் போடுங்கள். கறிவேப்பிலை, முருங்கைத் தொட்டிகளுக்கு அடியில் கால் வைத்து ஓர் அங்குலமாவது தூக்கி வையுங்கள். தொட்டி உட்கார்ந்த இடம் காய்வதே இல்லை. என் பழைய டெக்கில் பலகை கெட்டிருந்த ஒரே இடம் கறிவேப்பிலைத் தொட்டியின் வட்டம்தான். கழிவுத்துண்டுகளை அடுப்பிலோ கொல்லையிலோ எரிக்கவே கூடாது. 2004-க்கு முந்தைய டெக்கைப் பிரிக்கிறவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், அதில் ஆர்சனிக் இருக்க வாய்ப்பு அதிகம்.

பைன் யாருக்கு? கையில் பணம் அளவாக இருப்பவர்களுக்கு. வேலி, மரம் விழுந்து நாலு பலகை உடைந்தால் நாமே போய் வாங்கி மாற்ற விரும்புகிறவர்களுக்கு. வெள்ளம் வரும் தெருவில் இருப்பவர்களுக்கு, ஏனென்றால் போனால் போகட்டும் என்று விடக்கூடிய செலவு இது ஒன்றுதான்.

## காம்போசிட்

மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து வார்த்த பலகை. ஆரம்ப காலத்தில் வந்தவை பூஞ்சை பிடித்துக் கறுத்தன. இப்போது நல்ல வகைகளில் மேலே பிளாஸ்டிக் உறை இருக்கிறது. உறை மூன்று பக்கமா, நான்கு பக்கமுமா என்று கேளுங்கள். தாழ்வான டெக்கில் அடிப்பக்கம் நிரந்தர ஈரம், அங்கே நான்கு பக்கமும் மூடியதோ முழுக்க பி.வி.சி. ஆனதோதான் சரி.

அழுகாது, சிலும்பு இல்லை, ஸ்டெயின் இல்லை. உண்மையான வசதி இது, வயதான பெற்றோர் வந்து தங்கும் வீட்டில் வெறுங்காலுக்குச் சிலும்பு இல்லாதது பெரிய விஷயம். ஆனால் சூடு? பக்கத்துத் தெரு நண்பர் வீட்டில் அடர் பழுப்பு. ஆகஸ்டில் அவர் குழந்தைகள் கதவிலிருந்து புல்வெளி வரை குதிகாலில் ஓடுவார்கள். மேற்கு பார்த்த கொல்லை, நிழல் இல்லை என்றால் வெளிர்நிறம் எடுங்கள், இல்லை கூரை போடுங்கள். கூரைச் செலவைச் சேர்த்தால் கணக்கு மாறிவிடும்.

சட்டச் செலவும் கூடும். பலகை மரத்தைவிட வளைந்து கொடுப்பதால் ஜாயிஸ்ட்டுகள் 16 அங்குலத்துக்கு ஒன்று கட்டாயம், சாய்வாகப் போட்டால் 12. வெயிலில் நீளவாக்கில் விரியும், அதனால் முனை இடைவெளியை அன்றைய வெப்பத்துக்கு ஏற்ப, தயாரிப்பாளர் அட்டவணைப்படி விட வேண்டும். இதைப் படிக்காத ஆள் போட்டால் கோடையில் பலகை முட்டிக்கொண்டு எழும்பும். கீறல் விழுந்தால் தேய்த்துச் சரிசெய்ய முடியாது. இலை தேங்கும் நிழல் மூலையில் பாசி பிடிக்கத்தான் செய்யும், கழுவத்தான் வேண்டும்.

வீட்டில் பத்து வருடத்துக்கு மேல் இருக்கப்போகிறீர்கள், வார இறுதியில் பிரஷ் பிடிக்க நேரமில்லை, கொல்லையில் நிழல் இருக்கிறது என்றால் காம்போசிட் சரியான தேர்வு. இரண்டு மூன்று வருடத்தில் வேலை மாறி வேறு ஊர் போகலாம் என்ற நிலையில் இருப்பவர்கள் இதில் பணம் போடுவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

## ஈப்பே

தென் அமெரிக்கக் கடினமரம். தேக்கையே கெட்டி மரம் என்று பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதன் எடை வியப்பாக இருக்கும், தண்ணீரில் போட்டால் பெரும்பாலும் மூழ்கிவிடும். பைனைவிட நான்கைந்து மடங்கு கடினம். மருந்து இல்லாமலேயே பூஞ்சையையும் கரையானையும் தாங்கும். எண்ணெய் பூசினால் செம்பழுப்பு, விட்டால் வெள்ளிச் சாம்பல் நிறம். அழகில் மற்ற மூன்றும் இதற்கு ஈடில்லை.

ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் முன்கூட்டித் துளை போட வேண்டும், ரம்பப் பல் சீக்கிரம் மழுங்கும். ஆகவே கூலி அதிகம். 2024 நவம்பரிலிருந்து ஈப்பே, அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. முறையான ஏற்றுமதி அனுமதி இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. அமேசான் காட்டில் திருட்டுத்தனமாக வெட்டுவதும் உண்டு என்பதால், எங்கிருந்து வந்தது என்று காகிதத்தில் காட்டாத கடையில் நான் வாங்க மாட்டேன். சின்ன டெக், கண்ணில் படும் இடம், நல்ல தச்சர் கிடைத்திருக்கிறார் என்றால் யோசிக்கலாம்.

## டெக்கே வேண்டாம்: கல் தளம்

பின்வாசல் தரையிலிருந்து பத்து அங்குலத்துக்குள் இருந்தால் முதலில் இதைத்தான் யோசிக்கச் சொல்வேன். அழுக மரம் இல்லை, அடியில் எலி, பாம்பு ஒதுங்க இடம் இல்லை, புயல் தூக்க எதுவும் இல்லை. தனித்தனியாகப் பதிக்கும் பேவர் கல்லாகப் போட்டால் களிமண் அசையும்போது கல் கல்லாக ஏறி இறங்கும். ஒரே கான்கிரீட் பாளமாகப் போட்டால் விரிசல்தான்.

செலவு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது: களிமண்ணைத் தோண்டி எடுத்து, நான்கு முதல் ஆறு அங்குலம் ஜல்லி போட்டு இடித்து இறுக்க வேண்டும். இதைக் குறைத்த தளம் இரண்டாவது மழையிலேயே பள்ளம் விழும். வீட்டிலிருந்து வெளிநோக்கி அடிக்குக் கால் அங்குலம் சரிவு வேண்டும். இரண்டு வீட்டுக்கு நடுவே தண்ணீர் ஓடும் வாய்க்கால் சரிவை மூடிவிட்டால் உங்கள் வீட்டுக்கோ பக்கத்து வீட்டுக்கோ தண்ணீர் திரும்பும். குடியிருப்புச் சங்கமான எச்.ஓ.ஏ.விடம் ஒப்புதல் கேட்கும்போது அவர்கள் முக்கியமாகப் பார்ப்பதில் இதுவும் ஒன்று. வடிதுளைகளுக்குக் கீழேயே தளம் முடிய வேண்டும்.

## நான் செய்தது, நீங்கள் தொடங்கும் முன்

எங்கள் வாசல் தரையிலிருந்து இரண்டடி உயரம், அதனால் கல் தளம் ஒத்துவரவில்லை. தனியாக நிற்கும் சட்டம், எல்லாம் தரைத் தொடர்பு மரம், ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ, மேலே காய்ந்த பைன் பலகை. காம்போசிட்டுக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியைச் சட்டத்துக்கும் ஸ்க்ரூவுக்கும் போட்டேன், மீதி மிச்சம். பலகை தேய்ந்தால் பதினைந்து வருடம் கழித்து அதே சட்டத்தின்மேல் காம்போசிட் போட்டுக்கொள்ளலாம் என்று ஜாயிஸ்ட்டுகளை 16 அங்குலத்திலேயே வைத்தேன்.

வேலையை அக்டோபர், நவம்பரில் வையுங்கள். வெயில் தணிந்திருக்கும், மரம் நிதானமாகக் காயும். நவம்பர் 30-உடன் புயல் பருவமும் முடிகிறது. சட்டம் முடிந்து பலகை ஏறுவதற்கு முன் ஒருநாள் இடைவெளி கேளுங்கள். அன்று நீங்களே குனிந்து ஒவ்வொரு ஹேங்கரையும், அறுத்த முனையையும், மரச்சீட்டையும் பார்த்துப் படம் எடுத்து வையுங்கள். பலகை போட்ட பிறகு அது யார் கண்ணிலும் படாது. தூணுக்குக் குழி தோண்டுவதற்கு இரண்டு வேலை நாள் முன்னால் 811-ஐ அழையுங்கள். கேஸ் குழாயும் மின்கம்பியும் போகும் இடத்தில் இலவசமாக வந்து நிறக்கோடு போட்டுவிட்டுப் போவார்கள். எங்கள் கொல்லையில் மஞ்சள் கோடு முதல் தூண் வரவேண்டிய இடத்துக்கு நேர் மேலே ஓடியது. தூணை ஒன்றரை அடி தள்ளிப் போட்டோம்.